இடச்சுற்று

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் பிரவீன் சவுக்குக் கம்பிலிருந்து கீழே குதித்த பிறகுதான் வேல்விழி அந்த ஃப்ளெக்ஸை முழுசாகப் பார்த்தாள். சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ வாங்கத் தூக்குவாளியோடு தெருமுனைக்கு வந்தவள், வாளியைத் தரையில் வைத்துவிட்டாள்.

"இன்னாடா இது?"

"சித்தப்பாதான்க்கா. சூப்பரா வந்துகீது இல்ல? சுங்குவார்சத்திரத்துல கடைக்காரனை எழுப்பி அடிச்சிகினு வந்தோம். ரெண்டு. இன்னொண்ணு சுடுகாட்டுக் கொட்டாயாண்ட கட்டியாச்சு."

வந்ததென்னவோ நன்றாகத்தான் வந்திருந்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'மு. ஏகாம்பரம் மற்றும் குடும்பத்தார்'. பார்க்கிறவன் செத்தது ஏகாம்பரம் என்று நினைத்துக்கொண்டாலும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நடுவில் அவளுடைய அப்பா கன்னியப்பன், ஹெல்மெட் மாட்டி, முதுகை வளைத்து, சைக்கிள்மேல் பறந்துகொண்டிருந்தார். ஆனால் எதிர்த்திசையில். சட்டையில் குத்தியிருந்த போட்டி எண் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிக் கிடந்தது.

"படத்தை யாருடா திருப்பினது?"

"அப்பாதான்க்கா சொன்னாரு. சாவுலயாவது எந்தம்பி வலமா போவட்டும்னாரு. கடைக்காரன் ஒரு தட்டு தட்டினான், திரும்பிடுச்சு."

பிரவீன் நல்ல பையன்தான். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காத கண்ணோடு நின்றான். பெரியப்பா ஏகாம்பரத்தின் பேச்சைத் தட்ட அவனால் முடியுமா, அவன் அப்பா ஆயிற்றே. வேல்விழி வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். டீ வாங்க மறந்துபோனாள்.

ஏகாம்பரத்துக்கும் இடப்பக்கத்துக்கும் ஆகாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மகனையும் இழுத்துக்கொண்டு போய் வல்லக்கோட்டை முருகனை வலம் வருகிற மனுஷர். தம்பி கன்னியப்பன் கம்பெனியில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, வண்டலூர் தாண்டி இருக்கிற சிமெண்ட் ட்ராக்கில் சைக்கிள் பந்தயம் ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பேரன் எடுக்கிற வயதில் பந்தயமாம்! ஆனால் அங்கே எல்லோரும் இடமாகத்தான் சுற்ற வேண்டும், உலகம் பூராவும் அப்படித்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"சாமியச் சுத்தறவன் வலமா சுத்துவான். பொணத்தச் சுத்தறவன்தான் எடமா சுத்துவான். நீ எத்தடா சுத்தற?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "நான் மட்டும் வலமா போனா எதுக்க வர்றவன் இடிச்சிடுவாண்ணே."

அந்தக் கன்னியப்பன் நேற்றுக் காலை பல் விளக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். ஏகாம்பரத்துக்கு அது போதவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "எடமா சுத்திச் சுத்தியே போயிட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். நிஜமான அழுகைதான், அதில் பொய் கிடையாது. அதனாலேயே வேல்விழிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரிப்பா, அந்த ஃப்ளெக்ஸை அவுக்கச் சொல்லுங்க."

"ஏம்மா?"

"அதுல கீறது எங்கப்பா இல்ல. எங்கப்பா அந்தப் பக்கமா ஒரு நாளும் ஓட்டல."

"எந்தப் பக்கம் பாத்தா இன்னாம்மா? மூஞ்சி அவன் மூஞ்சிதானே?"

"அப்பறம் எதுக்குத் திருப்பினீங்க?"

மடக்கிவிட்டால் ஏகாம்பரத்தின் குரல் உயரும். "சும்மா இரு வேலு. ஊரே பாக்குது. குடம் பிரவீன் தூக்கறான். பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கணும். அவ்ளோதான் பேச்சு."

குடத்தை யார் தூக்கினாலும் அவளுக்குச் சம்மதம். அப்பாவைத் திருப்பி வைத்து அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஊர் சிரிக்கச் சிரிக்க ஓட்டின ஓட்டம் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று செத்த பிறகு அவரே கும்பிட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

அந்தப் படம் அவள் எடுத்தது. தன் வேலையில் ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு ட்ராக்குக்குப் போவாள். ஷேர் ஆட்டோவின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போகிற அழகே அழகு. அந்த சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், காலைச் சும்மா வைத்துக்கொண்டு வர முடியாது. கிளம்புகிற கோட்டில் யாராவது சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது அவள் வேலை. "தள்ளிடாத வேலு. புடிச்சிகினு நில்லு, விசில் ஊதினா விட்டுடு, போதும்" என்பார். எலும்பும் தோலுமாக இருந்த மனுஷர், ஒவ்வொரு ஞாயிறும் அவள் கைக்குள்ளே கொஞ்சம் கனமாகிக்கொண்டே வந்தார்.

முதல் பந்தயத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புதான். கடைசிச் சுற்று வருகிறபோது கோட்டருகே மணி அடிப்பார்கள். கன்னியப்பன் அப்போது இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். அடேயப்பா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மணி அடித்தது. கம்பெனியில் தகடு அழுத்துகிற ப்ரெஸ் ஷாப்பில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவருக்கு மணி அடித்தால் ஷிஃப்ட் முடிந்தது என்று அர்த்தம். நிமிர்ந்து உட்கார்ந்தார், மூச்சு விட்டார், மகளைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார். அத்தனை பேரும் அவரைத் தாண்டிப் போனார்கள். படப்பையில் டயர் கடை வைத்திருக்கும் சாம்சன், அதுவரை கடைசியில் வந்தவர், அவரும் தாண்டினார். வீடு வருகிற வரைக்கும் அப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"மணி அடிச்சா முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சிட்டேன் வேலு. இனிமேதாண்டா கீதுன்னு சொல்ற மணியாம் அது!"

அதற்கப்புறம் மணி அடித்தால் போதும், வேல்விழி தொண்டை கிழியக் கத்துவாள்: "மணிப்பா! போ!" போன வருஷம் மாநிலப் போட்டியில், அறுபது வயதைத் தொட்டவர்களுக்கான பந்தயத்தில், மணி அடிக்கும்போது கூட்டத்தின் வாலில் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் அவள் பார்த்தது. ஒவ்வொருத்தராகத் தாண்டி மூன்றாவதாக வந்து நின்றார். வெண்கலத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் அம்மா பச்சையம்மா, "மொதல்ல குளிச்சிட்டு வா, வேர்வ நாத்தம்" என்றாள். அன்றைக்கு ராத்திரி அந்த வெண்கலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினவளும் அவள்தான்.

மதியம் தாண்டி அவரைக் குளிப்பாட்டினார்கள். ஏகாம்பரம்தான் தண்ணீர் ஊற்றினார். வேட்டியை ஒதுக்கியபோது பக்கத்தில் நின்ற ஆள் ஒருவர், "யப்பா, அறுவது வயசு ஆளு காலா இது?" என்று வாய்விட்டுச் சொன்னார். தொடையும் கெண்டைக்காலும் கடைந்தெடுத்த மாதிரி இருந்தன. ஏகாம்பரம் சொம்பை மறுபடி நிரப்பினார். பிறகு அந்தக் கால்கள்மேல் மெல்ல ஊற்றினார், ஒன்றுக்கு இரண்டு தடவை.

சாம்சன் மாலையோடு வந்து இறங்கினார். தெருமுனை ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு நேராக வேல்விழியிடம் வந்தார்.

"ஏம்மா, கன்னி ராங் சைடுல வர்றாரு?"

காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். சாம்சன் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். வேல்விழி நிற்கவில்லை. ஏகாம்பரம் இரண்டு தரம் திரும்பித் திரும்பி முறைத்தார். அவள் சாம்சன் கூடவே நடந்தாள். ஊரை ஒட்டிய ஏரிக்கரையில் சுடுகாடு. அந்தப் பக்கம் கம்பெனி மதில். கொட்டாய் ஓரமாக இரண்டு கம்புக்கு நடுவில் இன்னொரு ஃப்ளெக்ஸ், சிதையைப் பார்த்தபடி. அதிலும் அப்பா வலமாகவே போய்க்கொண்டிருந்தார்.

மேற்கு வெயில் கண்ணைக் குத்தியது. நிழலுக்காகப் பின்பக்கம் போன சாம்சன் அங்கிருந்து கூப்பிட்டார்.

"வேலு, இங்க வந்து பாரு. ஃப்ளெக்ஸ் மெல்லிசு, படம் இந்தப் பக்கமும் தெரியுது. பின்னாலருந்து பாத்தா கரெக்டா போறாரு."

ஏகாம்பரத்தின் காதிலும் விழுந்தது. அவர் கேட்காத மாதிரி எருமுட்டையைச் சரிசெய்தார்.

சங்கு ஊதி, சேகண்டி மணி அடித்தார்கள். பிரவீன் தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட ஓர் ஆள் கத்தியோடு பின்னால் நின்றார். "ம், நடப்பா" என்றதும் பிரவீன் நடந்தான். வலமாக நடந்தான். வெள்ளிக்கிழமைப் பழக்கம், காலுக்கு என்ன தெரியும்?

"டேய்!" ஏகாம்பரம் அலறினார். "எடமா சுத்துடா! எடமா!"

பிரவீன் வெலவெலத்துப்போய்த் திரும்பினான். குடம் ஆடியது, தண்ணீர் தளும்பி முகத்தில் வழிந்தது. மறுபடியும் அதே பக்கம் காலை வைத்தான்.

"எடமாடா! எடமா சுத்தினாத்தாண்டா எந்தம்பி நல்லபடியா போய்ச் சேருவான்!"

சேகண்டி நின்றுபோயிற்று. ஏகாம்பரம் திறந்த வாயை மூடவில்லை. தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். சிதைமேல் கிடந்த தம்பியைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தில் ஒதுங்கி நின்ற வேல்விழியைப் பார்த்தார்.

"பிரவீனு," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "அக்காவாண்ட குடு. அவளுக்குப் பழக்கம்."

யாரோ முணுமுணுத்தார்கள். "குடுடான்னு சொன்னேன் இல்ல?" என்றார். முணுமுணுப்பு அடங்கிற்று.

குடம் வேல்விழியின் இடது தோளுக்கு வந்தது. கத்தி வைத்திருந்த ஆள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார், "எடக்கைப் பக்கமாவே வரணும்மா. தெரியுமா?"

"தெரியும்ணா."

நடந்தாள். அப்பா அவளுக்கு இடப்பக்கத்தில் இருந்தார். முதல் சுற்று முடிய, கத்தி முனை குடத்தில் பட்டது. சில்லென்று தண்ணீர் முதுகில் இறங்கியது.

இரண்டாவது சுற்றில் கொட்டாய்ப் பக்கம் திரும்பியபோது, ஏகாம்பரம் ஃப்ளெக்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். சாம்சன் ஓடிப்போய் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழவர்களும் அதைப் புரட்டி, முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கி, கம்போடு சேர்த்துக் கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெல்லிசான ஃப்ளெக்ஸில் படம் இந்தப் பக்கமும் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி திரும்பிப்போயிற்று. மு. ஏகாம்பரம் மற்றும் குடும்பத்தாரை யாராலும் படிக்க முடியவில்லை. போட்டி எண் நேரானது. கன்னியப்பன் இடமாக வந்துகொண்டிருந்தார்.

கத்தி இரண்டாவது தடவை குடத்தில் பட்டது. இப்போது இரண்டு தாரையாகத் தண்ணீர்.

கடைசியான மூன்றாவது சுற்று தொடங்கியதும், நின்றிருந்த சேகண்டி திரும்பவும் கணகணவென்று அடித்தது.

"மெள்ளப் போம்மா," என்றார் கத்தி வைத்திருந்த ஆள், அவளுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டே.

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கூட்டினாள்.