வரைபடத்தில் நின்ற கம்பம்

விமான நிலையச் சர்வேயர் வந்தபோது அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் முக்காலியில் கருவியைப் பொருத்தி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, அங்கே நின்ற ரேடியோக் கம்பத்தை அடியிலிருந்து நுனிவரை அளந்தார்.

அது அவள் கணவர் நட்ட கம்பம். மாலையானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடல் தாண்டி முகம் தெரியாதவர்களோடு பேச உட்கார்ந்துவிடுவார். அடுப்படியிலிருந்து உப்பு தீர்ந்துவிட்டது என்று கத்தினால் காதில் விழாது; ஏழு கடலுக்கு அப்பால் ஒருவன் தும்மினால் விழும். கம்பத்தை அவள் திட்டாத நாளில்லை. அவர் போய் ஒரு வருடமாகிறது.

"அம்மா, இனிமே செயற்கைக்கோள் காட்டுற வழியிலதான் விமானம் இறங்கப்போகுது," என்றார் சர்வேயர். "மூடுபனியிலகூட எழுபத்தஞ்சு மீட்டர் உயரம் வரைக்கும் வரலாம். அதுக்குள்ள ஓடுபாதை கண்ணுல பட்டா இறங்கலாம். படலேன்னா மறுபடி ஏறிடணும்."

"பேஷா இறங்கட்டும்."

"பாதை உங்க வீட்டு மேல வருதே. இந்தக் கம்பம் இருந்தா நூத்திப்பத்து மீட்டருக்குக் கீழ வரமுடியாது."

"செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்துல இருக்கு?"

"இருபதாயிரம் கிலோமீட்டர்."

"அவ்வளவு உயரத்துல இருக்கறதுக்கு எங்க வீட்டுக்காரர் கம்பம்தான் கண்ணை உறுத்துதாக்கும்!"

சர்வேயர் சிரித்துவிட்டார். முறையாக அனுமதி வாங்கி நட்டது, கட்டாயப்படுத்த முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவள் யோசிக்கவேயில்லை. முடியாது என்றாள்.

புது வரைபடம் வந்ததும் அவரே ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். அதில் கம்பம் நின்ற இடத்தில் கூரான சின்னக் குறி ஒன்று, பக்கத்தில் உயரம். அவள் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். உயிரோடிருந்தபோது கணவர் பேச்சுக்குத் தெருநாய்கூட நின்றதில்லை. இப்போது விமானங்களே ஒதுங்கிப் போயின. வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள்.

மூடுபனி கவிந்த ஒரு காலையில் மகள் விமானத்தில் வந்தாள். வரவில்லை என்று சொல்வதே சரி. வீட்டுக்கு மேலே இரைச்சல் நெருங்கி, உறுமி, மேலேறிப் போய்விட்டது. வேறு ஊரில் இறக்கிவிட்டார்கள்; அங்கிருந்து பேருந்தில் ஏழு மணிநேரம். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு குழந்தை, அதற்கு வாந்தி.

புடவையை மாற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போன மகள், குளிர்பெட்டிக் கதவின் முன் நின்றுவிட்டாள்.

"அம்மா, இது நம்ம வீடா?"

"ஆமாண்டி. உங்கப்பா!"

"கொஞ்சம் கீழ வந்தா இறங்கியிருக்கலாம்னு பைலட் சொன்னாரு. என்னைத் திருப்பி அனுப்பினது நீதானா?"

அவள் மகளின் வீங்கிய கால்களைப் பார்த்தாள். மறுநாள் காலை சர்வேயருக்குத் தானே போன் செய்தாள்.

இரண்டு ஆட்கள் வந்து கம்பத்தை மூன்று துண்டாக இறக்கினார்கள். மாடி மொட்டையாகக் கிடந்தது. அவள் துணி உலர்த்தப் போகவில்லை.

அடுத்த மாதம் மகள் வரும் நாளில், மறுபடியும் மூடுபனி. இரைச்சல் வந்தது, உறுமியது, ஏறியது. மதியம் பேருந்து நிலையத்திலிருந்து போன்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. வெட்டினியா இல்லையா?"

"வெட்டியாச்சுடி. துண்டு மூணும் பின்கட்டுல கெடக்கு."

"அப்போ ஏன் இறங்கலே?"

அவள் சர்வேயரைக் கேட்டாள். வரைபடத்தை நினைத்த நேரத்தில் திருத்துவதில்லையாம். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறைதானாம். கம்பம் இறங்குவதற்குள் இந்தச் சுற்றுக்கான நாள் கடந்துவிட்டது. அடுத்த திருத்தம் வரும்வரை பைலட்டுக்குக் கம்பம் அங்கேதான் நிற்கிறது.

"அதாவது, இல்லாததுக்கு ஒதுங்கிப் போறாங்க?"

"விதி அப்படிம்மா. மன்னிச்சுக்குங்க, சீக்கிரம் மாத்தச் சொல்றேன்."

"அவசரமில்லைங்க," என்றாள். "நிதானமாவே மாத்துங்க."

மகளுக்கு வெந்நீர் போட்டுவிட்டு, ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.