பதினோராம் காம்பராவின் தாளம்

1985ஆம் ஆண்டு சித்திரையிலிருந்து, நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில் குடியிருந்த எல்லோருடைய இருதயமும் இராசமணி டீச்சரின் தாள மெஷின் அடித்தபடிதான் அடித்தது. தொழிலாளர் குடியிருப்பான அந்த நீள வரிசையில், குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பதினாறு காம்பராக்கள்; மெஷினில் பதினாறு பொத்தான்கள். டீச்சர் அதை இதற்காக வாங்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டப் பாடசாலைக்கு வந்து பன்னிரண்டு வருடமாகத் தனியே இருந்த அவருக்கு, தானே எழுதிய பத்துப் பாட்டை ஆர்மோனியத்தோடு பாடி வீட்டிலேயே ஒரு கசெட்டில் பதிந்துவிட வேண்டும் என்று ஆசை. தபேலா வாசித்துவந்தவர் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். ஆகவே பதுளைக் கடைவீதியில் ஸஹாப்தீனின் ரேடியோக் கடைக்குப் போனார். அங்கே இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்றில் வால்ட்ஸ், ரும்பா என்று தாளங்கள் ஏற்கெனவே அடைத்திருந்தன. மற்றதில் ஒவ்வோர் அடியையும் நாமே வைக்க வேண்டும். "அத எடுங்க டீச்சர், தட்டினா அடிக்கும். இது வெறும் பெட்டி, நீங்க போடுறதுதான் இருக்கும்" என்றார் ஸஹாப்தீன். டீச்சர் வெறும் பெட்டியை எடுத்தார்.

பாடசாலைக்குப் பின்னால், லயத்தைப் பார்த்தபடி இருந்த குவாட்டர்ஸில் அதை மேசையில் வைத்து, பதினாறு பொத்தானிலும் சிம்பலை மெல்லிதாகப் போட்டார். ஒன்றிலும் ஒன்பதிலும் பெரிய முரசு, ஐந்திலும் பதின்மூன்றிலும் சின்ன முரசு. வேகத்தை எழுபத்தாறில் வைத்து ஓடவிட்டதும் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுங்கின. முதல் பாட்டைப் பதிந்து முடித்து மெஷினை நிறுத்தினார். மேல் லயத்தார் ஐம்பத்தெட்டுப் பேரும், குடத்தோடும் விறகோடும் நின்ற நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். ஜன்னலால் அதைக் கண்டு பதறி மறுபடி ஓடவிட்டபோது, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். தோட்டத்து மருந்துக்காரர் ஷுக்ரி ஒவ்வொருவராக நாடி பிடித்தார். வயசாளிக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே எழுபத்தாறு. அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு பாட்டுக்கு அழகாயிருக்கும் என்று டீச்சர் ஏழாவது சிம்பலை எடுத்தார். ஏழாம் காம்பராவில் மட்டும் நாலு பேர் சாய்ந்தார்கள்; திரும்பப் போட்டதும் எழுந்தார்கள். எந்தப் பொத்தான் எந்தக் காம்பரா என்பது அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு மெஷின் நிற்கவேயில்லை. தோட்டத்தை நிர்வகித்த துரை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தனி வயர் இழுத்துக் கொடுத்தார், லயத்தார் முறைவைத்து பேட்டரி வாங்கி வைத்தார்கள். பத்துப் பாட்டையும் ஒரே தாளத்தில் பதிய வேண்டியதாயிற்றே என்பதுதான் டீச்சருக்கிருந்த மனக்குறை.

ஆவணியில் பதினோராம் காம்பராவின் அங்கம்மா குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் முத்துக்கருப்பனுக்கு நெஞ்சுச் சளி முற்றி, நாற்பது நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. உடம்பு சில்லிட்டு, கண்ணில் பாலாடை படிந்துவிட்டது. நாடி மட்டும் எழுபத்தாறு.

"டீச்சரம்மா, அந்த மனுசன விட்டுருங்க. போக வேண்டியவரு போக முடியாம கெடக்குறாரு."

"கொல்லச் சொல்லுறீங்களே, அங்கம்மா? என்னாலை ஏலாது."

"உசுர நீங்களா குடுத்தீங்க? புடிச்சுல்ல வச்சிருக்கீங்க."

மறுநாள் டீச்சர் பதுளைக்குப் பஸ்ஸேறிப் போய், ஓர் அடியை முற்றாக எடுக்காமல் கொஞ்சங்கொஞ்சமாக மங்கவிட வழியுண்டா என்று ஸஹாப்தீனிடம் கேட்டார். "அமத்தினா இருக்கு, திரும்ப அமத்தினா இல்ல. நடுவுல ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அங்கம்மா புருஷனின் முகத்தைத் துடைத்துத் தலைவாரிவிட்டு, ஒரு துணி மூட்டையோடு நாலாம் காம்பராவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனாள். அவள் மகள் வீட்டுக் கதவைத் தாண்டியதை ஜன்னலால் பார்த்த பிறகே டீச்சர் விரலை வைத்தார். பதினோராவது விளக்கு அணைந்தது. மெஷின் பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவியது. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் டீச்சரின் மூச்சும் ஒரு கணம் நின்றது. கொஞ்ச நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது. அவர் மேசையிலேயே தலையைக் கவிழ்த்து, தானும் அழுதார்.

கருமாதி முடிந்த மறுநாள் அங்கம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பதினோராம் காம்பராவுக்கே திரும்பினாள். டீச்சர் பொத்தானில் விரலை வைத்தபடி ஜன்னலால், "உள்ளை போகாதேங்கோ, போட்டுவிடுறன்!" என்று கத்தினார்.

"வேணாம் டீச்சரம்மா. அத அவரோடயே போக விட்டாச்சு. நான் இப்புடியே இருந்துக்கிறேன்."

உள்ளே போய், புருஷன் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். விழவில்லை. அடுப்பு மூட்டினாள், தேத்தண்ணி வைத்துக் குடித்தாள். டீச்சர் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு விரலை எடுத்தார். மறுநாள் ஷுக்ரி அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஒன்றும் கேட்கவில்லை. குழாயைத் துடைத்து இன்னொரு முறை கேட்டார். பிறகு சத்து மாத்திரை பன்னிரண்டு கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்று துண்டுச் சீட்டு எழுதினார்.

கசெட் அடுத்த வருடம் வந்தது. கேட்டவர்கள் அந்த ஓர் அடியை விட்டுவிட்டே கைதட்டப் பழகினார்கள். அங்கம்மா இன்னும் ஒன்பது வருடம் கொழுந்தெடுத்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. மழைக்காலத்தில் மட்டும் கை விறைக்கிறது என்பாள். அதற்காகத் தோட்டத்தில் அவளுக்கு வருடத்துக்கு இரண்டு கம்பளி கொடுத்தார்கள்.