நாலாம் படத்தின் காம்பு

புதுசு என்று யாராவது கொண்டுவருவதற்குள் ஒரு பழசைத் தோண்டி எடுப்பதென்றால் நெகிஷிக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. டோக்கியோவில் இருபது வருஷமாகக் காப்புரிமைப் பரிசோதகர். ஈதா ஊரின் ஷியோசவா யுகாரி காப்புரிமை கேட்டிருந்த, கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைக்கும் பெர்சிமன் பழத்துக்குத் தோல்சீவும் இயந்திரத்துக்கும் 1958ஆம் வருஷத்துக் காப்புரிமை ஒன்றைப் பிடித்துவிட்டார். பழத்தைப் பிடிக்க மூன்று விரல், சுழற்ற மோட்டார், சீவ வில் வைத்த கத்தி. ஒப்பீட்டுப் பட்டியலில் எல்லா வரிக்கும் எதிரே 'அதே' என்று எழுதி, மறுப்புக் கடிதமும் அனுப்பியாயிற்று.

இன்று அவள் நேரில் வாதாட வந்திருக்கிறாள். தோற்றால், ஆறு வருஷம் மாடாய் உழைத்துச் செய்ததை எவன் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். தள்ளுவண்டியில் இரண்டு இயந்திரங்கள், ஒரு பை பழம்.

"பழமெல்லாம் வாங்கக்கூடாதும்மா. ஒரு டீகூடக் குடிக்க மாட்டோம்."

"உங்களுக்கு யாரு குடுத்தா? இது ஆதாரம்."

"ரெண்டு மெஷின் எதுக்கு?"

"ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு, நீங்க அனுப்பின அம்பத்தெட்டாம் வருஷத்துக் காகிதத்தைப் பாத்து நானே கொட்டகையில செஞ்சது. அச்சு அசல்."

நெகிஷிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காகிதத்தை மறுத்துப் பேசியவர்கள் உண்டு, உட்கார்ந்து செய்து கொண்டுவந்தவர் யாருமில்லை.

பழைய இயந்திரம் முதலில் ஓடியது. மூன்று விரல்களும் மூடியதும் 'டக்'கென்று காம்பு ஒடிந்தது. தோல் நாடாவாக உரிந்து, பழம் மொட்டையாக வந்து விழுந்தது.

"நல்லாத்தானே சீவுது?"

"சீவுது. காயப்போட எதுல கயிறு கட்டுவீங்க நெகிஷி சான், உங்க கழுத்துலயா?"

அவளுடைய இயந்திரத்தில் ஒரு விரலின் நுனி கவட்டையாகப் பிளந்திருந்தது. காம்பு அந்தப் பிளவுக்குள் பத்திரமாக நின்றது. சீவிய பழம் கயிறு கட்டத் தோதாகக் காம்போடு வந்தது.

"விண்ணப்பத்துல காம்புன்னு ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா!"

"பழம்னா காம்பு இருக்கும்னு எழுதணுமா? எங்க ஊர்ல சிரிப்பாங்க."

"இங்க எழுதலேன்னா இல்லேன்னுதான் அர்த்தம். புதுசா சேர்க்கவும் முடியாது. முதல்ல குடுத்த காகிதத்துல, எழுத்துலயோ படத்துலயோ, எங்கயாவது இருந்தாத்தான்."

அவள் முகம் தொங்கிப் போயிற்று. நெகிஷிக்கே மனசு கேட்கவில்லை. அவளுடைய விண்ணப்பக் கோப்பைப் புரட்டினார். நாலாம் படத்தில் கவட்டை விரலுக்கு நடுவே குட்டியாக ஏதோ நின்றது. பக்கத்தில் அவருடைய பென்சில் குறிப்பு: 'போல்ட்'.

"இது என்னம்மா?"

"காம்பு. போல்ட்டா? போல்ட்டுக்கு எங்கயாவது அடியில இலை முளைக்குமா?"

சுற்றி நாலு இலை தெளிவாகத்தான் இருந்தது. அவசரமாகப் பழைய காகிதத்தை எடுத்தார். இரண்டாம் பக்கம்: 'முதலில் காம்பைக் கிள்ளிவிட்டுப் பழத்தை வைக்கவும்.' கண்ணை எங்கே வைத்துக்கொண்டு படித்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவமானத்தைவிட ஆனந்தம்தான் பொங்கியது. இத்தனை வருஷத்தில் பழசைக் கண்டுபிடித்தபோது வராத ஆனந்தம்.

"ஆதாரத்தைப் பரிசோதிக்கணும்," என்று சீவிய பழத்தை எடுத்து ஒரே கடி கடித்தார்.

"ஐயோ! காயாம தின்னா துவர்ப்பு!"

நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர்.

"சொல்லுங்க நெகிஷி சான்! புதுசா, இல்லையா?"

அவர் பேனாவை எடுத்தார். ஒப்பீட்டுப் பட்டியலில் விரலுக்கான வரியில் இருந்த 'அதே'யை அடித்து, 'வேறு' என்று போட்டார். கீழே எழுதினார்: 'காம்பைச் சேர்த்துத் திருத்தித் தாருங்கள். புதியது.'

அவள் அதை உரக்கப் படித்தாள். பிறகு கைதட்டிக்கொண்டே இன்னொரு தடவையும் படித்தாள்.