ஈரம் பார்க்கும் விரல்

மூன்றாவது தடவையாகவும் விரல் பதிந்திருந்தது. நேற்று மாலை அஜித்குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பட்டித் தகட்டால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துவிட்ட காம்பவுண்டில், அதுதான் சுவர்ச் சந்தை அடைக்கும் வெள்ளை மாவில், இடுப்பு உயரத்தில், ஒரு கட்டைவிரல் பள்ளம். ஒன்றோடு போச்சா என்றால் இல்லை, ஜாண் இடைவெளி விட்டு நான்கு. யார் வேலை என்று போலீஸ் நாயையா கூட்டிவர வேண்டும்? வீட்டில் இருப்பதே அவனும் அம்மாவும்தான்.

"அம்மா, இன்னாம்மா இது?"

கோவிந்தம்மா வாசலில் காயவைத்த காரப்பொடி மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "காஞ்சிச்சானு பார்த்தேன். ஈரமாவே கீது. அப்பிடியே வுட்டா புழு வெச்சிடும்டா."

புழுவாம். சுவரில். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையெல்லாம் காம்பவுண்டு. நாற்பது வருஷம் கருவாடு காயவைத்த கை அது. எந்த மீனை எடுத்தாலும் கட்டைவிரலால் ஓர் அழுத்து, பள்ளம் விழுந்தால் இன்னொரு வெயில். மீனுக்குச் சரி. சுவருக்கும் அதே வைத்தியமா?

சுவர் என்றால் பெரிய சுவரும் இல்லை. ஒற்றை அறைக் காலனி வீட்டை நடுவில் மறித்து, தகரச் சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் அடித்த இரண்டு ஜிப்சம் பலகைகள். தை மாதம் கல்யாணத்துக்கு முன்னால் அவசரத்தில் அடித்தது. பலகைகள் சேரும் இடத்தில் விரல் நுழைகிற சந்து விழுந்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கலாம் என்றான். எட்டு மாதம் அப்புறமாகவே போயிற்று. உள்ளே மனைவி வினோதினி அவன் காதோடு தலைவலி என்று சொன்னால், அந்தப் பக்கமிருந்து, "அலமாரில தைலம் கீது பாரும்மா" என்று பதில் வரும். கோவிந்தம்மா அன்பாகத்தான் சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை. ஒருநாள் வினோதினி துணியை மடித்துப் பையில் வைத்தாள். "சந்து அடைஞ்ச அன்னிக்கு வர்றேன்" என்று ஆரம்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். அடைத்துவிட்டேன் என்று போன வாரம் போனில் பொய் சொல்லித் தொலைத்தான். வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் வண்டியில் கொண்டுவந்து விடுகிறான். அடைபடவில்லை என்று தெரிந்தால் அதே வண்டியில் திரும்புவாள். அவளைத் தெரியாதா அவனுக்கு.

சென்னையில் ஃபால்ஸ் சீலிங் வேலை பார்க்கும் சிநேகிதன் ஹரிஹரன்தான் அரை வாளி காம்பவுண்டு கொடுத்து வழி சொன்னான். சந்தை அடைத்துக் காகிதப் பட்டை ஒட்டு. மேலே மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முன்னதைவிட அகலமாக. ஒவ்வொன்றும் காய ஒரு நாள். அந்த ஒரு நாள் சென்னைக் கணக்கு. கடலோரத்து இந்த ஏரிக்கரையில், ஐப்பசிக் காற்றில், துவைத்துப் போட்ட லுங்கியே இரண்டு நாளானாலும் காய்வதில்லை. அதில் அம்மாவின் விரல் வேறு. கடலுக்குப் போகாமல் ஐந்து நாளாக, பூசுவதும் சுரண்டுவதும் மறுபடி பூசுவதும்தான் பிழைப்பாக இருந்தது. இன்று புதன்கிழமை.

அவன் பள்ளங்களைச் சுரண்டி, புதுசாக அப்பி, தகட்டை இழுத்தான். கை கழுவிவிட்டுத் திரும்பினால் கோவிந்தம்மா சுவருக்கு முன்னால் நிற்கிறாள். கட்டைவிரல் நீண்டிருந்தது.

"அவ போனது சந்துனாலனு நெனச்சிக்கினு கீறியா?" என்றான். "உன்னாலதான் போனா. வாயயும் கையயும் சும்மா வெச்சிக்கினு இருக்கியா நீ? இதுவும் போச்சுன்னா அவ வரவே மாட்டா."

கோவிந்தம்மா விரலை மடக்கிக்கொண்டாள். புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு சுவர் என்னமாய்க் காய்ந்தது. வியாழன் மாலை வெள்ளையாக இறுகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், மூக்கு, இமை எல்லாம் மாவு. ஒரு கை பெயிண்டும் அடித்தான். கோவிந்தம்மா இரண்டு நாளும் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசித் தொலையேன் என்று கத்த வேண்டும்போல அவனுக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை வினோதினி வந்தாள். அண்ணனை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, பையைக் கீழே வைக்காமல் சுவர் முன்னால் போய் நின்றாள். போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினாள். இரண்டு பலகை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"நல்லாதான் பண்ணியிருக்கே" என்றவள் பையைக் கட்டிலில் வைத்தாள். வெளியே அண்ணனின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அஜித்குமாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "அத்தை ஊர்ல இல்லியா?"

"அந்தப் பக்கம்தான் கீது."

"சத்தமே இல்ல?"

அந்தப் பக்கம் முறத்தைக் கீழே வைக்கும் ஓசை. பிறகு கோவிந்தம்மாவின் குரல், அரை அங்குலப் பலகைக்கு என்ன மறைக்கத் தெரியும், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி அப்படியே வந்தது.

"காஞ்சிடுச்சாடா?"

வினோதினி ஒன்றும் விளங்காமல் அவனைப் பார்த்தாள். அஜித்குமார் எழுந்து போய், இடுப்பு உயரத்தில், தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். பள்ளம் விழவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே நின்றான்.