கல் வைக்காத இடம்

...கல் பார்க்கத்தானே கூட்டி வந்தான், புதைகுழி என்று யாருக்குத் தெரியும், போனில் படம் பார்த்தபோது ஆளரவமில்லாமல், காற்றோட்டமாக, நல்ல இடமாகத்தான் தெரிந்தது, அஞ்சு மாசமாக வாயைத் திறக்காமல் வளைய வருகிற பெண்டாட்டிக்கு ஒருநாள் கீழ்பென்னாத்தூரை விட்டு வெளியே போனால் மனசு மாறும், காலையில் இது, அப்புறம் திருவண்ணாமலை பெரிய கோயில், இருட்டுவதற்குள் வீடு என்று மாறன் கணக்குப் போட்டது அவ்வளவுதான், புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்... தென்றல் துருப்பிடித்த பலகையை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறாள், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி செத்தவர்களைப் புதைத்துக் கல் நட்ட இடம் என்று போட்டிருக்கிறது, வா போகலாம் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு போனவள் ஒரு சின்னக் கல் வட்டத்துக்கு முன்னால் குந்திவிட்டாள், இது குழந்தைக்கா என்று கேட்பாள், கேட்டால் அடுத்தது என்னவென்று அவனுக்குத் தெரியும், நம்ம பிள்ளையை எங்கே வெச்சீங்க... ஆண்டவா, அதை மட்டும் கேட்காமல் இருக்கட்டும்.

கேட்டால் என்ன சொல்வான், அவனுக்கே தெரியாதே. மூச்சு விடாமலே பிறந்ததைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது பலராமன் மாமாதான் வாங்கிக்கொண்டார், பெத்தவன் வரக்கூடாதுடா, நாங்க பாத்துக்கறோம் என்றார், ஆஸ்பத்திரி வாசலில் யாரோ டீ வாங்கிக் கையில் கொடுத்தார்கள், குடித்தான், சர்க்கரை ஜாஸ்தி... டீ ஞாபகம் இருக்கிறது, முகம் ஞாபகம் இல்லை, துணியை விலக்கிப் பார்த்தானா? பொண்ணு என்று நர்ஸ் சொன்னாள், அது மட்டும் தெரியும். அவள் உள்ளே மயக்கத்தில் கிடந்தாள்.

கல் வட்டத்தை விட்டு அவள் அதைக் கேட்காமலே எழுந்துவிட்டாள், திருவண்ணாமலைக்கு வந்து, நடை திறக்கும்வரை காத்திருந்து, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து இத்தனை கல்லை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று எல்லாரும் கேட்பதை அவனும் கேட்டு வைத்தான், வரிசையில் நசுங்கி, கும்பிட்டு, என்ன வேண்டிக்கொண்டான் என்றுகூட நினைவில்லை, பிரகாரத்தில் உட்கார்ந்து பொங்கல் தொன்னையை இருவருக்கும் நடுவில் வைத்தபோது அவளாகவே பேசினாள்.

"மாமாகிட்ட எப்பவோ கேட்டுட்டேங்க. ஏரிக்கரைல வெச்சாங்களாம். மழைக்கு அப்புறம் அங்க தண்ணி ஏறிடுச்சாம்."

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது, இனி கேட்க மாட்டாள், தப்பித்தோம்... சீ, இது என்ன மனசு, அங்கே குழந்தை தண்ணீருக்கடியில் கிடக்கிறது, இவனுக்கு நிம்மதி வருகிறது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டான்.

"நீங்க கேப்பீங்க, அப்ப சொல்லலாம்னு இருந்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஏன் கேட்கவில்லை? ஒரே தெருவில்தானே மாமா வீடு, தினமும் பார்க்கிறான், மழையைப் பற்றிக்கூடப் பேசுகிறான்... இப்போதாவது கேட்கலாம், எந்தப் பக்கத்துக் கரை, தலை எந்தத் திசையில்... தொன்னையில் ஒட்டியிருந்த பொங்கலை வழித்துத் தின்றான். அவள் தொன்னையை மடித்துக்கொண்டு எழுந்தாள், வண்டியை எங்கே விட்டீர்கள் என்றாள். அதற்கு மட்டும் பதில் சொன்னான்.