இரண்டாவது மருந்து

கம்பளிக் கூடாரத்துக்குள் மற்றப் பெண்களோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த புருல்சுன், பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே இறந்துகிடந்த புருஷனைக் குளிப்பாட்ட வேண்டிய கொழுந்தன்மார் மூவரும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் ரத்தத்துல கிருமின்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்கல்ல? எனக்குக் கைக்குழந்தை இருக்கு," என்றான் மூத்தவன் எர்மெக்.

"உன்னைக் குதிரையில தூக்கி வச்சுப் பழக்கினவரு அவரு. அப்ப உன் மூக்குச் சளியைப் பாத்து ஒதுங்கினாரா?"

எர்மெக் தலையைக் குனிந்துகொண்டான். சொந்தக்காரன் கை படாமல் மண்ணுக்குப் போவதா? புருல்சுன் ஆறிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

வேலிக் கம்பி அவள் புருஷன் தாலாய்பெக்கின் காலில் கீறியதுதான் ஆரம்பம். ஐந்து நாள் ஒரு மருந்து ஏற்றியும் ரத்தத்தில் கிருமி அடங்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்தால் அடங்கலாம், ஆனால் சிறுநீரகம் தாங்காமலும் போகலாம் என்று டாக்டர் குல்பாரா ஒளிக்காமல் சொன்னாள். கையெழுத்துப் போட்டது புருல்சுன். அந்த இரண்டாவது மருந்து ஏற்றிய நான்காம் நாள் தாலாய்பெக்குக்குச் சிறுநீர் நின்றது. நேற்றுக் காலை மூச்சும் நின்றது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இரவெல்லாம் நினைத்துக் கிடந்தாள்.

கைபேசி அடித்தது. குல்பாராதான்.

"அக்கா, கடைசியா எடுத்த ரத்தத்தோட ரிசல்ட் இப்பத்தான் வந்துச்சு. மூணு நாள் வச்சுப் பாத்தோம். ஒண்ணுமே வளரல. கிருமி போயிடுச்சுக்கா."

"அப்ப அவரு ஏன் போனாரு?"

"சிறுநீரகம் தாங்கலக்கா," என்றாள் டாக்டர்.

புருல்சுன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்கம்மா. குளிப்பாட்டினா யாருக்கும் எதுவும் வருமா? அதையும் சொல்லுங்க." கைபேசியை எர்மெக்கின் காதில் வைத்தாள்.

கேட்கக் கேட்க அவன் முகம் கோணியது. "அண்ணே" என்று சின்னப் பிள்ளைபோல் விசும்பினான். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரைத் தூக்கினான். தம்பிகளும் பின்னாலேயே போனார்கள். உள்ளேயிருந்த பெண்கள் வெளியே வந்தார்கள். வாசல் திரை இறங்கியது.

முதல் செம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"சூடு சரியா இருக்கான்னு பாத்துக்கோ எர்மெக்," என்றாள் புருல்சுன் திரையை ஒட்டி நின்றபடி. "காலுக்கு மெதுவா ஊத்து. புண்ணு இருக்கு."