தங்கைக்கு ஒரு சேதி

"இவ ரத்தத்துல இருக்கிற கோளாறுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இனிமே என்ன பேச்சு?" என்றாள் நாத்தனார். தையல்காரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் தம்பியைப் பார்த்தே அதைச் சொன்னாள்.

தம்பி, அதாவது தையல்காரியின் கணவன், தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அவர்கள் மகன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். ஒரு கண்ணின் நடுவே புகைபோல ஏதோ மறைத்தபோது, பொறி பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த கண்ணும் மங்கிய பிறகுதான் ரத்தம் ஆய்வகத்துக்குப் போயிற்று. உடம்பின் செல்களுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது தாய்வழியாகத்தான் வரும் என்றார் மருத்துவர்.

"அப்ப என் பக்கம் ஒண்ணுமில்லையே டாக்டர்?" என்று கேட்டான் கணவன். இல்லை என்றதும் அவனுக்கு மூச்சு வந்தது. மகனுக்குப் பார்வை திரும்புமா என்று கேட்டவள் தையல்காரிதான்.

இதில் யார்மேலும் குற்றமில்லை என்று சொன்ன மருத்துவர், இன்னொன்றையும் சொல்லியிருந்தார். அவளுடைய தங்கையின் பிள்ளைகளுக்கும் இந்த மாற்றம் இருக்கலாம். இருந்தாலும் எல்லோருக்கும் பார்வை போய்விடாது. சிகரெட்டும் குடியும் சேர்ந்தால் ஆபத்து கூடும். சீக்கிரம் சொல்லிவிடுவது நல்லது.

"தங்கச்சிகிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். உன் பொண்ணுக்கு இப்பதான் ஒரு இடம் கூடி வருது. கல்யாணம் முடியிற வரைக்கும் வாயைத் தொறக்காதே" என்றாள் நாத்தனார்.

"அக்கா சொல்றதும் சரிதானே?" என்றான் கணவன்.

"தங்கச்சியோட மூத்த பையன் சிகரெட்டைப் பாக்கெட் பாக்கெட்டா ஊதித் தள்றான். இவ கல்யாணம் முடியட்டும்னு அவன் கண்ணு காத்துக்கிட்டு இருக்குமா?" என்றாள் தையல்காரி.

"குடுத்ததையும் குடுத்துட்டுப் பேச்சைப் பாரு" என்றாள் நாத்தனார்.

"அத்தை," என்றான் மகன், குரல் வந்த பக்கம் திரும்பி. "அம்மா குடுத்ததுல கண்ணு மட்டும்தான் போச்சு. மத்ததெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள். அவள் ரத்தத்திலும் அதே மாற்றம் இருந்தது. தன் போனில் சித்தியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"பேசும்மா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

தையல்காரி சொல்லி முடித்தாள். எந்த இடத்திலும் அவள் குரல் தணியவில்லை.

"அப்ப எனக்கும் இருக்குமாக்கா?" என்றாள் தங்கை.

"இருக்கும்டி. நம்ம ரெண்டு பேருக்கும் அம்மாகிட்டருந்து வந்தது."

"நாளைக்கே பசங்களைக் கூட்டிட்டு வர்றேன். பெரியவன் பாக்கெட்டை இப்பவே புடுங்கிடுறேன்."

பேச்சு முடிந்ததும் நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டாள். "போச்சு. மாப்பிள்ளை வீட்டுக் காதுக்கு இது எட்ட எவ்வளவு நேரமாகும்?"

"எட்டுற வரைக்கும் எதுக்கு அத்தை உட்கார்ந்திருக்கணும்?" என்றாள் மகள், அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டே. "நானே சொல்லிடுறேன். தெரிஞ்சு வர்றவங்க வரட்டும்."

"கொஞ்சம் பொறும்மா" என்று கணவன் எழுந்தான். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் போனில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.